கறுப்புத் தாளில் ஒரு முகம்

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் காகிதத்துக்குப் பஞ்சம் கிடையாது. பட்டாசுக்குக் குழாய் உருட்டுகிற பழுப்புக் காகிதமும், மத்தாப்புப் பெட்டியின்மேல் ஒட்டுகிற வண்ணத் தாளும், அச்சகங்களில் வெட்டு இயந்திரத்தின் அடியில் குவிந்து எடைக்குப் போகிற வெள்ளைத் துண்டுகளுமாக, இந்த வட்டாரத்து மக்களின் கைகள் பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரையில் காகிதத்தோடு பழகிக்கொண்டே இருக்கின்றன. 1922-ஆம் ஆண்டில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பிய பிறகு, தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், இவ்விரண்டுக்கும் லேபிள் வேண்டும் என்ற அவசியத்தினால் அச்சுத் தொழிலும் இங்கே வளர்ந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சேறித் தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளில் உள்ள சுவர்களையெல்லாம் அலங்கரித்தன.

இவ்வாறு ஊருக்கெல்லாம் படம் கொடுத்த பூமியில், தன் வீட்டுச் சுவருக்குத் தானே ஒரு படம் செய்து மாட்டிக்கொள்ளும் வழக்கம் அவ்வளவாக ஏற்படவில்லை என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. சரம் பின்னுகிற பெண்ணின் விரல்களுக்கும், டை கட்டிங் இயந்திரத்தின் முன் நிற்கிற இளைஞனின் கண்ணுக்கும் உள்ள நுட்பம், சித்திரப் பள்ளியில் பல வருஷம் பயின்றவர்களுக்குக்கூட எளிதில் வாய்ப்பதில்லை. கூலிக்காக ஓயாமல் தொட்ட பொருளை இளைப்பாறும் நேரத்தில் மறுபடியும் தொட மனம் வருவதில்லை என்பதே காரணமாக இருக்கலாம். ஆயினும், ஒரு கறுப்புத் தாள், ஒரு சிறு கத்தரிக்கோல், ஒரு வெள்ளை அட்டை, பழைய படச் சட்டம் ஒன்று ஆகிய இவற்றை மட்டும் கொண்டு, நம்மோடு வாழ்கிறவர்களின் முகத்தை அப்படியே நிழலுருவமாக வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டிவிடலாம் என்பதை அறிந்தவர்கள், அந்த இன்பத்தை ஒரு முறையாவது அனுபவித்துப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்தி, நெற்றியிலிருந்து மூக்கு, உதடு, மோவாய், கழுத்து என்று இறங்கி வருகிற கோட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, உள்ளே கண், புருவம், நிறம், சுருக்கம் எதையும் காட்டாமல் முழுவதையும் கறுப்பாகவே விட்டுவிடுவதுதான் நிழலுருவச் சித்திரம். இத்தனையையும் விட்டுவிட்ட பிறகு ஆளை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று சந்தேகம் தோன்றலாம். கம்பை ஊன்றிச் சற்றே குனிந்து நடக்கும் காந்தியடிகளையும், தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக உள்ள பாரதியாரையும், நீண்ட துண்டு தோளில் புரள நிற்கும் விருதுநகர்ப் பெருந்தலைவர் காமராசரையும் வெறும் கோட்டுருவத்தில் காட்டினாலும் நம் நாட்டுக் குழந்தை தயங்காமல் பெயர் சொல்லிவிடும். வீட்டு மனிதர்களின் விஷயமும் அப்படித்தான். இருட்டிய தாழ்வாரத்தில் நிற்பவர் அத்தையா சித்தியா என்று முகம் தெரியாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா?

மேல்நாட்டில் இக்கலைக்கு நெடிய சரித்திரம் உண்டு. கிரேக்க நாட்டுக் குயவர் ஒருவரின் மகள், தொலைதூரம் போகவிருந்த தன் காதலனின் முகம் விளக்கொளியில் சுவரின்மேல் விழுந்தபோது அந்த நிழலைச் சுற்றிக் கோடு இழுத்து வைத்துக்கொண்டாள் என்று பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில், எண்ணெய் வர்ணத்தில் தம்மை எழுதச் செய்வதற்குச் செல்வர்களுக்கே வசதி இருந்த காலத்தில், சாமானிய மக்கள் சில காசுகளைக் கொடுத்துத் தங்கள் முகத்தை வெட்டி வாங்கிக்கொள்ள இக்கலை வழி செய்தது. 1839-இல் டாகேர் தம்முடைய புகைப்பட முறையை வெளியிட்ட பிறகு, சில பத்தாண்டுகளுக்குள் இந்தத் தொழில் மங்கிவிட்டது. நாம் ஸ்டூடியோவில் போய் எடுத்துக்கொண்ட குடும்பப் புகைப்படத்துக்கு முன்னோடி இதுவே என்று சொன்னால் மிகையாகாது.

அந்தச் சரித்திரத்தில் இருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மோசஸ் வில்லியம்ஸ். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த அவர், பிலடெல்பியா நகரில் சித்திரக்காரர் சார்ல்ஸ் வில்சன் பீல் நடத்திவந்த காட்சிசாலையில் வேலை செய்தார். முகத்தின் ஓரத்தைத் தடவிச் சென்று அதே வடிவத்தைக் காகிதத்தில் சிறிதாக்கிப் பதிக்கிற ஒரு கருவி அங்கே இருந்தது. அது பதித்த கோட்டின்மேல் கத்தரிக்கோலைச் செலுத்துவது வில்லியம்ஸின் பணி. வெள்ளைக் காகிதத்தை மடித்து ஒரே வெட்டில் நான்கு பிரதிகளை எடுத்து, விழுந்த முகத் துண்டை நீக்கிவிட்டு, ஓட்டையாக நின்ற காகிதத்தின் அடியில் கறுப்பை வைத்துக் கொடுப்பார். விடுதலை பெற்ற பின் இதையே ஜீவனமாகக் கொண்டு, ஒரே ஆண்டில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முகங்களை அவர் வெட்டினார். கருவி கோட்டை மட்டுமே கொடுக்கும். கண் இமையின் மெல்லிய நுனியும் நெற்றியில் புரளும் மயிர்க்கற்றையும் வெட்டுகிறவன் கையிலிருந்தே வர வேண்டும். ஆதலால் அந்தப் படங்களில் உள்ள ஜீவன் வில்லியம்ஸுக்கே உரியது என்று நான் கருதுகிறேன்.

மற்றவர் பிரான்ஸில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆகஸ்ட் எதுவார். அவர் கருவியை ஏற்கவில்லை. எதிரில் நிற்கிறவரைக் கண்ணால் பார்த்தபடியே, கறுப்புத் தாளை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டு வெட்டுவார். ஒன்று வந்தவருக்கு, மற்றொன்று அவருடைய தொகுப்பு நூலுக்கு. ஒவ்வொரு பிரதியின் கீழும் பெயரையும் ஊரையும் தேதியையும் தவறாமல் எழுதிவைத்தார். பத்து ஆண்டுகள் அமெரிக்காவில் சுற்றிவிட்டு 1849-இல் அவர் திரும்பியபோது, அவர் வந்த கப்பல் குயெர்ன்சித் தீவின் அருகே உடைந்து, அத்தொகுப்புகளில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. உயிர் தப்பிய அவர், மிஞ்சியவற்றைத் தமக்கு இடம் கொடுத்துப் பராமரித்த குடும்பத்தாரிடமே விட்டுச் சென்றார். அந்த மிச்சத்தில் உள்ள முகங்களுக்கு உரியவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களால் சொல்ல முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அவர் எழுதிவைத்த சிறு குறிப்புகளே. வீட்டில் படம் செய்கிறவர்கள் இவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு: ஒரு பிரதி கூடுதலாக எடுப்பது, பெயரை எழுதிவைப்பது.

நம் நாட்டுக்கும் நிழலுருவம் அந்நியம் அன்று. கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களை அடுத்த கூத்து மாடங்களில், தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து இருபத்தொரு விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளைத் திரையின் பின்னால் நிறுத்தி, இராமன் கதையை இரவு இரவாக ஆடிக் காட்டுகிறார்கள். அங்கே புலவர்கள் ஆதாரமாகக் கொள்வது நம்முடைய கம்பராமாயணமே என்பதைத் தமிழர் பலர் அறிய மாட்டார்கள். தமிழ்நாட்டுத் தோல்பாவைகள் ஒளி ஊடுருவும் ஆட்டுத் தோலில் வர்ணம் தீட்டப்பட்டவை; பாலக்காட்டுப் பாவைகளோ திரையில் பெரும்பாலும் கரிய உருவங்களாகவே தோன்றும், ஆடையின் பூவேலையும் நகையும் சிறு துளைகளின் வழியே வரும் வெளிச்சத்தால் மட்டும் விளங்கும். வடக்கே மதுராவிலும் பிருந்தாவனத்திலும், காகிதத்தில் கண்ணன் லீலைகளை மெல்லிய கத்தரிக்கோலால் வெட்டி, அதைத் தரையில் பரப்பி வர்ணப் பொடியைத் தூவிக் கோலமாக்கும் சாஞ்சி என்ற கலை கோயில்களைச் சார்ந்து வளர்ந்திருக்கிறது. ஆக, கறுப்பையும் வெளிச்சத்தையும் மட்டும் கொண்டு கதை சொல்லும் வித்தை நமக்கும் உண்டு. சாதாரண மனிதர்களின் முகத்தை அதில் பிடித்துவைப்பது ஒன்றே நாம் புதிதாகச் செய்ய வேண்டியது.

யாருடைய முகத்தை? பேரக் குழந்தையின் முகத்தையும், புது மணமக்களின் முகத்தையும் வெட்டலாம். அவை அழகாகவே அமையும். ஆயினும் விருதுநகர்ச் சீமையிலும் அதன் தெற்கிலும் வாழ்கிறவர்களுக்கு வேறொரு கடமை முதலாவதாக இருக்கிறது. பாம்படமும் தண்டட்டியும் அணிந்த மூதாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். சிறு பிராயத்திலேயே காதைத் துளைத்து, ஈயக் குணுக்குகளைத் தொங்கவிட்டுத் துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி, தோளைத் தொடும் அளவுக்குக் காது வளர்த்து, அரக்கின்மேல் பொன் தகடு போர்த்துச் செய்த அந்தக் கனமான நகைகளை அணிந்துகொள்வது அவர்கள் காலத்தில் பெருமையாக இருந்தது. பின்னால் நாகரிகம் மாறியபோது, மருமக்களும் பேத்திகளும் சொன்னார்கள் என்று காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மல் போட்டுக்கொண்டவர்கள் பலர். மாறாமல் இருந்துவிட்டவர்களோடு இந்த உருவம் இந்தப் பூமியிலிருந்து மறைந்துவிடும். இனிப் பிறக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காது வரப்போவதில்லை. கறுப்பு உருவமாக வெட்டுவதற்கென்றே அமைந்தது போன்ற இந்தக் கோட்டை, நம் கையில் காகிதமும் கத்தரியும் இருந்தும் நழுவவிட்டால், அது பெருங்குறை.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிமிர்ந்து நேராக உட்கார வைத்துப் பக்கவாட்டு நிழலை எடுத்தால், தொங்கும் காதும் பாம்படமும் கழுத்தின் கறுப்புக்குள்ளே கலந்து காணாமல் போய்விடும். அப்பத்தாவைக் கால் நீட்டி உட்கார்ந்து, வழக்கம்போல் சிறு உரலில் வெற்றிலை பாக்கை இடிக்கச் சொல்லுங்கள். தலை முன்னால் கவிழும்போது காது கழுத்தைவிட்டு முன்னே வந்து, பாம்படம் தொண்டைக்கு முன்பாக வெறுவெளியில் செங்குத்தாகத் தொங்கும். நீண்ட காதின் துளை வழியாக ஒளி புகுந்து வெள்ளை வளையமாகத் தெரியும். முதுகின் வளைவும், பின்கழுத்தில் சரிந்த கொண்டையும், உரலைப் பிடித்த கையும் சேர்ந்து, இன்னார் என்று மட்டுமன்றி, இன்ன காலத்தவர், இன்ன ஊரார் என்பதையும் அந்தக் கோடே சொல்லிவிடும். நிழலுருவத்தில் முகத்தைவிட இருப்பு முக்கியம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

நிழல் பிடிப்பதற்கு ஒளி ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். நீண்ட குழல் விளக்கின் நிழல் ஓரங்களில் கலங்கிப்போகும். கைப்பேசியின் பின்புறத்தில் உள்ள சிறு விளக்கோ, குவிந்த டார்ச் விளக்கோ தெளிவான ஓரத்தைக் கொடுக்கும். தோள் சுவரை உரசும்படி பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் மூக்கு சுவரிலிருந்து சுமார் முக்கால் அடி விலகியே இருக்கும். ஆகையால் விளக்கை முகத்திலிருந்து மூன்றடியில் வைத்தால் நிழல் உள்ளதைவிடக் கால் பங்கு பெருத்துவிடும். ஒன்பது அடிக்குத் தள்ளி, காதின் உயரத்துக்குச் சமமாக வைத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே பெருக்கும், வடிவமும் கோணாது. சுவரில் ஏ3 அளவுள்ள வெள்ளைத் தாளை ஒட்டி, மெல்லிய பென்சிலால் நெற்றியில் தொடங்கி ஒரே மூச்சில் கழுத்து வரை கோடு இழுத்துவிட வேண்டும். முதியவர்களை அசையாமல் நெடுநேரம் உட்கார வைப்பது நியாயம் அன்று. கூனிய முழு உருவமும் வேண்டுமானால் பெரிய சார்ட் தாளைப் பயன்படுத்தலாம்.

இவ்வளவு பிரயாசை வேண்டாம் என்பவர்கள் ஜன்னலின் குறுக்கே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, அதன் முன் அமர்ந்தவரைக் காது உயரத்திலிருந்து, ஏழெட்டு அடி விலகி நின்று கைப்பேசியில் படம் பிடித்தால், பின்னொளியில் உருவம் தானே கறுத்து விழும். அருகில் போய் எடுத்தால் வடிவம் கோணும் என்பதை மறக்கலாகாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய சித்திரங்களில் காண்பதுபோல் எண்ணெய் விளக்கையோ மெழுகுவத்தியையோ வைத்து நிழல் எடுத்துப் பார்க்கும் ஆசை எழலாம். திரி, குழாய், மருந்து தோய்ந்த காகிதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கிற வீட்டிலும் கொட்டகையிலும் அந்த ஆசை ஒரு க்ஷணமும் கூடாது. அவ்வாறே, படத்துக்காகப் பட்டாசு ஆலையின் கழிவுக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதும் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் தூள் எத்தகையது என்பது இந்த வட்டாரத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய துண்டுத் தாள் அச்சகத்திலும் காகிதக் கடையிலும் தாராளமாகக் கிடைக்கும்.

கோடு கிடைத்ததும் ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம். ஏ3 தாளை ஏ4 ஆகச் சுருக்குவது நூற்றுக்கு எழுபத்தொன்று என்ற கணக்கு. அதையே மறுபடியும் ஒரு முறை அதே கணக்கில் சுருக்கினால் முதல் கோட்டின் சரிபாதி வந்துவிடும். பத்து அங்குலத்துக்கு எட்டு அங்குலம் உள்ள சாதாரணச் சட்டத்தில், நாற்புறமும் இடம் விட்டு மாட்டுவதற்கு அந்த அளவு மிகப் பொருத்தம். நெருக்கமாக அடைத்த நிழலுருவம் மூச்சு முட்டி நிற்கும். சுற்றிலும் வெண்மை விரிந்திருந்தால்தான் கறுப்புக்குக் கம்பீரம்.

கறுப்புத் தாளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கறுப்பு மை பூசிய தாளை வெட்டினால் ஓரத்தில் வெள்ளை நூல்போல் ஒரு கீற்று தெரிந்துகொண்டே இருக்கும். கூழிலேயே சாயம் கலந்து செய்த, உள்ளும் புறமும் கறுத்த தாள் வேண்டும். கனமான சார்ட் அட்டை வளைவுகளில் உடையும். மிக மெல்லிய தாள் பசை பட்டதும் சுருளும். நூற்றிருபது ஜிஎஸ்எம் அளவில் உள்ளது கைக்கு இசைவாக இருக்கும். சுருக்கிய நகலைக் கறுப்புத் தாளின்மேல் வைத்து, ஓரங்களில் ஸ்டேப்ளர் முள் அடித்து, இரண்டையும் சேர்த்து வெட்டினால் முகம் பார்க்கும் திசை மாறாது. கறுப்புத் தாளின் பின்புறத்தில் வரைந்து வெட்டுகிறவர்களுக்கோ இடம் வலமாகிவிடும். வீட்டு மனிதர்களில் அது பெரும் பிழை அன்று. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை வெட்ட விரும்பினால், இடப்புறம் சரிந்த கொண்டையும் இடக்கையில் ஏந்திய கிளியும் வலப்புறம் மாறிப்போவதைப் பக்தர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கத்தரிப்பதில் உள்ள முதல் ரகசியம், கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்புவதே. 1926-இல் வெளியான நிழலுருவத் திரைப்படமாகிய இளவரசர் அஹமதின் சாகசங்களை உருவாக்கிய ஜெர்மானியப் பெண்மணி லோட்டே ரெய்னிகர் அப்படியே செய்தார். அவருடைய இடக்கை தாளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், வலக்கை கத்தரி அதே இடத்தில் நின்று திறந்து மூடும். நீண்ட வளைவுகளைக் கத்தரியின் நடுப்பகுதியால் வெட்ட வேண்டும். நுனி வரையில் மூடினால் ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு பல் விழும். மூக்கின் அடியிலும் உதடுகளின் நடுவிலும் உள்ள உள்மூலைகளில் கத்தரியைத் திருப்ப முயலாமல், மேலிருந்து ஒரு தடவையும் கீழிருந்து ஒரு தடவையுமாக வந்து சந்திக்க வேண்டும். பாம்படக் காதின் வளையம்போன்ற உள்வெளிகளை, தாள் முழுதாகவும் பலமாகவும் இருக்கும்போதே, கூரிய பேனாக் கத்தியால் முதலில் எடுத்துவிட வேண்டும். அடியில் கனத்த அட்டை ஒன்று இருக்கட்டும். மூக்கும் உதடும் கடைசியில் வரட்டும். மேல் உதட்டுக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு மயிரிழை தவறினாலும் ஆள் வேறாகிவிடுவார். ஆகையால் கை களைப்பாக இருக்கும்போது அந்த இடத்தைத் தொடாதீர்கள். முதல் சில தாள்கள் கெட்டால் கெடட்டும். நகல்கள் நிறைய எடுத்துவைத்திருந்தால் மனம் தளர வேண்டியதில்லை.

சிறுவர்களுக்குக் கை பழகுவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை விட நல்ல பாடம் கிடையாது. பதினொரு நிலைகளும் சுமார் 192 அடி உயரமும் உள்ள அந்தக் கோபுரந்தான் நம் மாநில முத்திரையில் காண்பது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தாளை நெடுக்கில் மடித்து, மடிப்பின் ஓரமாகப் பாதிக் கோபுரத்தை மட்டும் வரைந்து வெட்டி விரித்தால் முழுக் கோபுரம் எழுந்து நிற்கும். பட்டாசுப் பெட்டிகளில் அவர்கள் தினமும் பார்க்கிற சேவலும் அணிலும் அடுத்த பாடங்கள்.

மோசஸ் வில்லியம்ஸின் முறையையும் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளிலிருந்து முகத்தை வெட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய ஓட்டையின் பின்னால் கறுப்புத் துணி வைப்பது அது. வெளி ஓரம் விறைப்பாக இருப்பதால் மூக்கு மடங்கிவிடும் பயம் இல்லை. ஒட்டுகிற வேலையும் குறைவு. ஆனால் பாம்படக் காது போன்ற துளையுள்ள உருவத்துக்கு அது பயன்படாது. உள்ளே நிற்க வேண்டிய வெள்ளைத் துண்டு பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும்.

ஒட்டுவதிலேதான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. பசையில் உள்ள நீர் தாளை நீட்டி அலையலையாக்கிவிடும். முழுவதும் பூசாமல், நெற்றி, மோவாய், முதுகு, நடு என்று சில இடங்களில் மட்டும் ஊசி முனையளவு தொட்டுவைத்து, வெள்ளை அட்டையில் பதித்து, மேலே சுத்தமான தாளை மூடிக் கனமான புத்தகங்களை ஓர் இரவு ஏற்றிவைக்க வேண்டும். நம் வட்டாரத்துப் பைண்டிங் தொழிலாளர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பூச்சிக்காகத்தான். இராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை மிகவும் இஷ்டமான ஆகாரம். மயில்துத்தம் விஷமாதலால் குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்துக் கடையில் விற்கும் வெள்ளைப் பசையைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்வதே நலம்.

கண்ணாடி படத்தின்மேல் நேராகப் படியக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மாதங்களின் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது கிழிந்துவிடும். நடுவில் சாளரம்போல் வெட்டிய மவுண்ட் அட்டை ஒன்றை இடையில் வைத்தால் அதன் கனமே போதிய இடைவெளியைத் தரும். பரணில் கிடக்கும் பழைய சாமி படத்தின் சட்டம், பூச்சி அரிக்காமல் இருந்தால், இதற்கு உத்தமமாகப் பயன்படும். பின்னட்டையைச் சுற்றிப் பழுப்புத் தாளை ஒட்டி அடைத்துவிட்டால் தூசியும் பூச்சியும் புகா. மலிவான கறுப்புச் சாயம் வெயிலில் பழுப்பாகிவிடும்; ஆகையால் வெளிவாசலுக்கு எதிரே மாட்டாமல், கூடத்தின் உட்சுவரில் மாட்டுங்கள்.

இக்கலையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே கண்டிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜூரிக் நகரத்துப் பாதிரியார் லவாத்தர், பக்கவாட்டு நிழலைக் கொண்டு ஒருவனுடைய குணத்தையும் அறிவையும் கணித்துவிடலாம் என்று பெரும் நூல்களை எழுதினார். ஐரோப்பா முழுவதும் அவற்றை விரும்பிப் படித்தது. நெற்றி அகன்றவன் புத்திமான், மோவாய் சிறுத்தவன் கோழை என்ற இந்த மாதிரிப் பேச்சு நம் சாமுத்திரிகா லட்சணத்திலும் உண்டு. இதற்கெல்லாம் எவ்வித ஆதாரமும் கிடையாது. மூக்கின் வளைவு ஒருவருடைய மூக்கின் வளைவைத் தெரிவிக்கும். அதற்குமேல் எதையும் தெரிவிக்காது. பெண் பார்க்கும் சமயங்களிலும் வேலைக்கு ஆள் எடுக்கும் சமயங்களிலும் இன்னும் நிலவுகிற அந்தக் கொடிய வழக்கத்துக்கு நம்முடைய கத்தரிக்கோல் துணை போகக் கூடாது.

கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தப் படமும் கறுப்பு உருவமாகிவிடும் இக்காலத்தில், இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அச்சடித்து மாட்டினால் சுவர் நிறையும் என்பது வாஸ்தவமே. ஆனால் அப்பத்தாவின் மூக்கு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது, மேல் உதடு வயதினால் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, தலை எந்தக் கோணத்தில் தாழ்ந்திருக்கிறது என்பனவற்றை அங்குலம் அங்குலமாகக் கவனித்துக் கையால் தொடர்ந்து சென்ற பேரன், அந்த முகத்தை அறிகிற விதமே வேறு. பல வருஷங்களாக ஒரே வீட்டில் இருந்தும் நாம் யாரையும் அப்படிப் பார்த்திருப்பதில்லை. அந்தப் பார்வைக்காகவே இதைச் செய்ய வேண்டும் என்பது என் துணிபு. படம் அதனால் கிடைக்கும் உபரி லாபம்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். நாரணாபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கைகளுக்கு அப்போது சற்றே ஓய்வு கிடைக்கும். வீட்டில் பாம்படம் அணிந்த அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் அந்த நாட்களைக் கடத்திவிடாதீர்கள். கறுப்புத் தாள் இரண்டைச் சேர்த்து வெட்டி, ஒரு பிரதியைச் சுவரில் மாட்டி, மற்றொன்றை வெளியூரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். இரண்டின் பின்புறத்திலும் அவருடைய பெயரையும், பிறந்த ஊரையும், வெட்டிய வருஷத்தையும், வெட்டியவர் பெயரையும் பென்சிலால் எழுதிவைக்க மறக்க வேண்டாம்.